தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான இணையவழி அறிவியல் பயிற்சிகளால் வகுப்பறைக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் எந்தப் பயிற்சி என்று பார்த்துச் சேர வேண்டும். புதிதாக நடுநிலைப் பள்ளியில் பணியில் சேர்ந்திருப்பதாகவும், மூன்று இணையவழிப் பயிற்சிகளை முடித்தும் சான்றிதழைத் தவிர வேறெதுவும் கையில் நிற்கவில்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு எது மாறியது என்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். நான் படித்தது தாவரவியல். எங்கள் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் ஒரே ஆள்தான். மகரந்தச் சேர்க்கைப் பாடம் என்றால் எனக்குப் புத்தகமே வேண்டாம். ஆறாம் வகுப்பு மின்னியல் பாடம் வந்தால் முந்தின இரவு தூக்கம் வராது. தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியர்கள் பாடு இன்னும் சிரமம். தமிழ், ஆங்கிலம், கணக்கோடு சேர்த்து அறிவியலையும் அவர்களே பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் நேரில் நடக்கும் பயிற்சியோ ஒரு நாளில் முடிந்துவிடும். சந்தேகம் வருவது அதற்குப் பிறகு, வகுப்பில் பாடம் நடத்தும்போதுதான்.

2020 அக்டோபரில் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சியான நிஷ்தா, தீக்ஷா என்ற அரசு இணையதளத்துக்கு வந்தது. மொத்தம் 18 கட்டகங்கள். நான் கைப்பேசியில் பயிற்சி எடுக்கத் தொடங்கியது அப்போதுதான். வீட்டில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பப் பார்க்க முடிந்ததே பெரிய வசதியாக இருந்தது. பின்னாளில் வேறொரு இடத்தில் சேர்ந்த ஓர் அறிவியல் பயிற்சிதான் என்னைச் சோர்வடைய வைத்தது. நாற்பது நிமிட வீடியோ, பத்து கொள்குறி வினா, சான்றிதழ். வீடியோ ஓடி முடிந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஒருவர் சோதனை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சோதனையை வகுப்பில் செய்தபோது வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தாங்களாகவே நடத்திய ஆறு வாரப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் ஒரு நாள் இரவு ஏழரை முதல் ஒன்பது வரை கூகுள் மீட்; மற்ற நாள்களில் வாட்ஸ்அப் குழு. முதல் வாரமே ஒரு பட்டியல் அனுப்பினார்கள்: தட்டு, கண்ணாடி டம்ளர், மெழுகுவத்தி மூன்று, மஞ்சள் கலந்த தண்ணீர். முகத்தைக் காட்ட வேண்டாம், கேமராவைத் தட்டின் பக்கம் திருப்புங்கள் என்றார்கள்.

சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை ஏற்றி, டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். மெழுகுவத்தி ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதனால் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பயிற்சி நடத்தியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் எப்போ ஏறுதுன்னு மட்டும் பாருங்க டீச்சர். எரியும்போதா, அணைஞ்ச பிறகா?"

மறுபடி செய்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பில் இரண்டு மூன்று குமிழிகள் வெளியே வந்தன. சுடர் எரிகிறவரை தண்ணீர் பெரிதாக அசையவில்லை. அணையப் போகும்போதும் அணைந்த பிறகும்தான் சட்டென்று மேலே ஏறியது. அடுத்து மூன்று மெழுகுவத்தியையும் சேர்த்து ஏற்றச் சொன்னார். டம்ளர் அதே டம்ளர், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் தண்ணீர் முன்னைவிட நன்றாகவே உயர்ந்தது. நான் இத்தனை நாள் சொன்ன விளக்கம் சரியென்றால் இப்படி நடக்கக் கூடாது. சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உயரத்துக்கு முக்கியக் காரணம் இந்தச் சூடும் குளிர்ச்சியும்தான். போதாததற்கு, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடும்.

மீட்டில் முப்பது பேர் இருந்தோம், சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. மறுநாள் எட்டாம் வகுப்பில் போய், போன வருஷம் நான் சொன்னது சரியில்லை, வாங்க சேர்ந்து பார்ப்போம் என்று மூன்று மெழுகுவத்தியையும் மேசையில் வைத்தேன்.

இதையெல்லாம் நேரடிப் பயிற்சியிலும் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் ஐந்தாம் வாரம் நாங்கள் செய்ததை எந்தக் குறுவள மையத்திலும் செய்ய முடியாது.

அந்த வாரத்தில் மார்ச் 21 வந்தது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள். சென்னை, புதுக்கோட்டை, நாகர்கோவில் மூன்று ஊரிலும் அவரவர் பள்ளியில் பிள்ளைகளோடு ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். பழைய பெயிண்ட் டப்பாவில் மணல் நிரப்பி நடுவே குச்சி. அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய கல். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி. சென்னையில் மிகக் குறைந்த நிழல் 23 செ.மீ., எங்களுக்கு 18, நாகர்கோவிலில் 14.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் தெரியாது. அதனால் குச்சியையும் நிழலையும் தாளில் அளவு குறைத்து வரைந்து, குச்சிக்கும் வெயில் கதிருக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்தார்கள். சென்னைக்கு 13 பாகை, நாகர்கோவிலுக்கு 8. வித்தியாசம் 5 பாகை. வட்டத்துக்கு 360 பாகை, அப்படியானால் 72 மடங்கு. ஊருக்கு ஊர் உள்ள தூரத்தை 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துச் செய்த கணக்கு இது.

இங்கேதான் குழுவில் பெரிய விவாதம் வந்தது. சென்னை சார் மேப்பில் சாலைத் தூரத்தைப் பார்த்து 700 கி.மீ. என்று போட்டார். விடை 50,400 கி.மீ. வந்தது. உண்மை அளவு சுமார் 40,000. குச்சி சாய்ந்திருக்கும், நிழலைத் தப்பாக அளந்திருப்போம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு நாகர்கோவில் டீச்சர் ஒரு குரல் பதிவு போட்டார்: "சார், ரோடு வளைஞ்சு வளைஞ்சு வருது. அதோட நாங்க உங்களுக்கு நேர் தெற்கேயா இருக்கோம்? மேற்கே எவ்வளவு தள்ளி இருக்கோம்னு பாருங்க. நமக்கு வேண்டியது வடக்கு தெற்குத் தூரம் மட்டும்தான்." அட்சரேகை பார்த்துக் கணக்கிட்டால் அது சுமார் 545 கி.மீ. அதை 72-ஆல் பெருக்க 39,240. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் டப்பாவும் குச்சியும் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் பூமியை அளந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் தற்செயலாகக் கிடைத்தது. நிழல் மிகக் குறைந்த நேரம் சென்னையில் 12.16 வாக்கில், எங்களுக்கு 12.22 வாக்கில், நாகர்கோவிலில் 12.28 வாக்கில். உச்சி வெயில் என்பது ஊருக்கு ஊர் வேறு நேரம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். "அப்போ எல்லா ஊர்லயும் ஏன் டீச்சர் ஒரே மணி வச்சிருக்கோம்?" என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். தீர்க்கரேகைப் பாடத்தை நான் அங்கிருந்தே தொடங்கினேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: சேருவதற்கு முன் என்னென்ன பொருள் எடுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம், கைப்பேசி போதும் என்றால் யோசித்துச் சேருங்கள். நீங்கள் செய்ததைக் காட்டவும், வராதபோது கேட்கவும் இடம் இருக்க வேண்டும். ஒரு குழுவில் முப்பது பேருக்கு மேல் இருந்தால் அது நடப்பதில்லை. பல மாவட்டத்து ஆசிரியர்கள் கலந்திருந்தால் இன்னும் நல்லது. நெட் சரியில்லாத ஊர் என்றால் கவலை வேண்டாம். நாங்கள் பாதி வேலையைப் புகைப்படத்திலும் குரல் பதிவிலும்தான் செய்தோம்.

தனியாகப் பார்க்க, எளிய பொம்மைகளால் அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் தளத்தில் தூக்கி எறியும் பொருள்களில் செய்யும் சோதனைகள் ஏராளம், தமிழிலும் வீடியோக்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைகளில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில், சிலவும் தமிழில் கிடைக்கின்றன. மின்சுற்றுக்கு அவை நல்ல துணை. ஆனால் முதலில் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்துப் பல்பை எரிய வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் பயிற்சிக்கு முன் ஒருமுறை செய்து பாருங்கள்.

செப்டம்பர் 23 வாக்கில் மறுபடி பகலும் இரவும் சமமாகும். காலாண்டுத் தேர்வு நேரம்தான், ஆனாலும் நண்பகலில் முக்கால் மணி நேரம் போதும். உங்கள் பள்ளி எந்த ஊரில் என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். புதுக்கோட்டைக்கு வடக்கிலோ தெற்கிலோ நூறு கி.மீ. தள்ளி இருந்தால்கூடப் போதும், எங்கள் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் சேர்ந்து அளக்கலாம்.