ஆட்சி மாறினால் சங்கப் பொறுப்பாளரை வேலையை விட்டுத் தூக்க முடியுமா?

கேள்வி: என் அண்ணன் கிருஷ்ணகிரியில் மாநில அரசு நிறுவனம் ஒன்றில் சங்கக் கிளைப் பொருளாளர். ஆட்சி மாறினால் உங்களைப் போன்ற ஆட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். சட்டத்தில் பாதுகாப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது, ஆனால் எல்லா நேரத்திலும் இல்லை. அந்த இடைவெளியில் மாட்டி மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தவன் நான்.

தர்மபுரியில் இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒன்பது வருடம் கிளைச் செயலாளர். நிறுவனத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம், எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்.

அண்ணனின் பயம் வீண் பயம் இல்லை. ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்களை 1991, 2001, 2011 என்று மூன்று முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் 2002 செப்டம்பரில் வெளியே போய் 2006-ல்தான் திரும்பினார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அதற்கப்புறமும் வருடக்கணக்கில் போராடினார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரே அடியாக டிஸ்மிஸ். இதெல்லாம் கும்பலாக நடந்ததால் பேப்பரில் வந்தது. ஒரு கிளைச் செயலாளரைத் தனியாகத் தூக்கினால் எந்தப் பேப்பரிலும் வராது.

அதை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? "நீ அந்தக் கட்சிச் சங்கம்" என்று எந்த ஆர்டரிலும் எழுத மாட்டார்கள். முதலில் இடமாற்றம் வரும். எனக்கு 2011 தேர்தல் முடிந்த இரண்டாவது மாதம் ஓசூருக்கு மாற்றல் வந்தது. "நிர்வாக நலன் கருதி" என்று இரண்டே வரி. அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மருத்துவச் சான்று கொடுத்து விடுப்பு கேட்டேன், விடுப்பு இல்லை என்றார்கள். பத்தாவது நாள் மெமோ: அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை. இன்னொரு மெமோ: மூன்று மாதத்துக்கு முன் வாயிற்கூட்டத்தில் மேலாளரை ஒருமையில் பேசினேன். (பேசினேனா? பேசினேன். அதை இங்கே மறைத்து என்ன பயன்?) அப்புறம் சஸ்பெண்ட், உள்விசாரணை, டிஸ்மிஸ்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 33-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. நிறுவனத்தில் ஒரு தகராறு சமரச அலுவலரிடமோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருக்கும்போது, "பாதுகாக்கப்பட்ட தொழிலாளி" என்று அங்கீகரிக்கப்பட்ட சங்கப் பொறுப்பாளரை, அந்த அதிகாரியின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது. இந்த அங்கீகாரம் மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு, குறைந்தது 5 பேருக்கு, அதிகபட்சம் 100 பேருக்கு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் 90-வது பிரிவு கிட்டத்தட்ட இதையே சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை "நிலுவையில் இருக்கும்போது". தகராறு எதுவும் நிலுவையில் இல்லை என்றால் உங்கள் அண்ணனும் மற்றத் தொழிலாளியும் ஒன்றுதான். வேலையை விட்டு எடுத்த பிறகு, இது பழிவாங்கல் என்று வழக்குப் போட்டு நிரூபிக்கலாம். பழிவாங்கும் டிஸ்மிஸ் மட்டுமல்ல, கெட்ட எண்ணத்தோடு செய்யும் இடமாற்றமும் சட்டப் பட்டியலில் முறையற்ற தொழிலாளர் நடைமுறைதான். ஆனால் கெட்ட எண்ணத்துக்கு ரசீது கிடைக்காதே.

அதனால்தான் விவரம் தெரிந்த சங்கங்கள் ஏதாவது ஒரு கோரிக்கையைத் தகராறாக்கி நிலுவையில் வைத்திருக்கும். எங்களுடையது இரவுப் படி. சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்த வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்கு எவ்வளவு பணம் இதற்குச் செலவு என்று பொதுக்குழுவில் திட்டு வாங்கியிருக்கிறேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த வழக்குதான். அது நிலுவையில் இருக்கும்போது அனுமதி கேட்காமலே என்னை எடுத்துவிட்டார்கள், அதே நீதிமன்றத்தில் புகார் கொடுத்தோம், நீக்கம் செல்லாது என்று ஆனது. பணித்தொடர்ச்சி கிடைத்தது. வேலையில் இல்லாத காலத்துக்கான பின்சம்பளம் பாதிதான்.

அந்த மூன்று வருடம் எப்படி ஓடியது என்று கேட்டால், சஸ்பெண்டில் இருந்தவரை பிழைப்பூதியம் வந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-ல் ஒரு சட்டம் இருக்கிறது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், விசாரணை நம்மால் இழுபடாமல் 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். என் விசாரணையை 170 நாளுக்குள் அவசரமாக முடித்தார்கள், காரணம் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்மிஸ் ஆனதும் அதுவும் நின்றது. பாலக்கோடு பக்கம் மாமனார் வீட்டுத் தக்காளிக் காட்டில் வேலை செய்தேன். நாற்பத்தாறு வயதில் மருமகன் பெட்டி தூக்கினால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும்.

கசப்பான இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னை எடுத்த அன்று பட்டறையில் ஒரு ஆள் கூட வெளியே வரவில்லை. காரணம் பயம் மட்டும் இல்லை. முந்தைய ஐந்து வருடம் ஆளுங்கட்சிச் சங்கம் நாங்கள். சங்க வேலை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்பேனரைத் தொடாமல் இருந்த நாட்கள் எனக்கும் உண்டு. எதிர்ச் சங்கத்துச் செயலாளரை அரூருக்குத் தூக்கியடித்தபோது நாங்கள் டீக்கடையில் சிரித்தோம். அந்த மனிதர்தான் என் உள்விசாரணையில் எனக்குத் துணையாக உட்கார்ந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். எங்கள் சங்கத்தில் அதற்கு யாரும் முன்வரவில்லை.

இது நிறுவனத் தொழிலாளிக்கான கதை. தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று நேரடி அரசு வேலையில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்கு அரசியல் சாசனத்தின் 311-வது பிரிவு: குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் நீக்க முடியும். ஆனால் விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று எழுதி வைத்துவிட்டு நேராக நீக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. சங்கப் பொறுப்பில் இருப்பதற்காக அவருக்குத் தனிக் கவசம் எதுவும் இல்லை.

உங்கள் அண்ணனுக்கு: மெமோ வந்தால் வாங்க மாட்டேன் என்று வீராப்புக் காட்ட வேண்டாம், கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். மாற்றல் வந்தால் எதிர்ப்பைத் தெரிவித்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வேலையில் சேரட்டும், வழக்கை அங்கிருந்து போடலாம். நான் சேராமல் இருந்ததுதான் அவர்கள் கைக்குக் கிடைத்த கத்தி. டிஸ்மிஸே ஆனாலும் வழக்குப் போடக் காலம் தாழ்த்தக் கூடாது. முன்பு மூன்று வருடம் இருந்த கெடு புதிய தொகுப்பில் இரண்டு வருடமாகிவிட்டது.

பாதுகாக்கப்பட்ட தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியலைச் சங்கம் வருடா வருடம் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதில் அண்ணன் பெயர் இருக்கிறதா, ஒப்புகை அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். சங்க அலுவலக பீரோவில் இருக்கிறது என்று சொன்னால் ஒரு நகல் வீட்டுக்கு வரட்டும். என்னுடையதும் பீரோவில்தான் இருந்தது. ஆட்சி மாறிய பத்தாவது நாள் அந்த அறையையே பூட்டிவிட்டார்கள். சேலத்தில் எங்கள் சங்கத்தின் மண்டல அலுவலகத்தில், பழைய காலண்டர்களுக்கு அடியில் ஒரு நகல் கிடைத்தது.