சாதுவாக இருந்த சேவல் ஆறு மாதம் ஆனதும் ஆளைப் பாய்ந்து கொத்துகிறது. ஏன், என்ன செய்வது?

எட்டுப் பெட்டைகளும் இரண்டு சேவல்களும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் குஞ்சிலிருந்தே கையில் தூக்கி வளர்த்த சேவல்தான் பாய்கிறது, யாரும் கொஞ்சாமல் வளர்ந்த மற்றது ஒதுங்கிப் போகிறது. அடித்தால் திருந்துமா, இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அடிக்காதீர்கள், உதைக்காதீர்கள். சேவலின் கணக்கில் உதை என்பது தண்டனை இல்லை, சண்டைக்கு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். தோற்ற சேவல் கொஞ்ச நாள் விட்டு மறுபடி மோதிப் பார்க்கும். திரும்பி ஓடினாலும் தப்புதான். ஓடுகிறவர் தோற்றவர், அடுத்த தடவை இன்னும் தூரத்திலிருந்தே துரத்தி வரும்.

கையில் தூக்கி வளர்த்ததுதான் பாதிக் காரணம். தாய்க்கோழியோடும் வயதான சேவலோடும் வளர்கிற குஞ்சு மனிதரை வேறொரு பிராணியாகப் பார்த்து, ஓர் இடைவெளி விட்டுப் பழகிக்கொள்கிறது. மடியிலேயே வளர்ந்ததற்கு அந்த இடைவெளி தெரியாது. நான்கைந்து மாதத்தில் ஆண் ஹார்மோன் ஏறும்போது உங்களையும் கூட்டத்தில் இன்னொரு சேவலாக எண்ணி, உங்களுக்கு மேலே இடம் பிடிக்கப் பார்க்கிறது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். உங்கள் சேவல் செய்வது அந்த வரிசைப் போட்டிதான், உங்கள் மேல் பகை இல்லை. ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரைதான் இது உச்சத்தில் இருக்கும். அதற்குப் பிறகு பல சேவல்கள் தணிந்துவிடும், சில தணிவதே இல்லை.

பாய்ச்சல் திடீரென்று வருவதாகத் தோன்றும், ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் வருவது அபூர்வம். ஒரு சிறகைத் தரையைத் தொடுமளவு தாழ்த்தி, பக்கவாட்டில் குறுக்கடி வைத்து உங்களைச் சுற்றி வரும். பெட்டையைச் சுற்றி அது ஆடுகிற ஆட்டமும் இதேதான், உங்களிடம் ஆடினால் மிரட்டல் என்று அர்த்தம். தீனி எதுவும் இல்லாத இடத்தில் தலையைக் குனிந்து கொத்துவதுபோலப் பாவனை செய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்க்கும். கழுத்து இறகு குடைபோல விரிந்துவிட்டால் அடுத்தது பாய்ச்சல். முதுகு காட்டும்போதும், கையில் தீனி வாளியோ துடைப்பமோ இருக்கும்போதும், ஒரு பெட்டையைப் பிடித்து அது கத்தும்போதும்தான் பெரும்பாலும் வரும். ஆகவே பெட்டைகளைப் பிடிக்கிற வேலை இருந்தால் முதலில் சேவலைக் கூண்டில் அடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி பழக்கும் முறை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் தடித்த துணிக் கால்சட்டையும் போடாமல் உள்ளே போகாதீர்கள். சேவல் சிறகைத் தாழ்த்தினால் நின்று அதற்கு நேராகத் திரும்புங்கள். பின்வாங்காமல், வேகமும் காட்டாமல், ஓரடி அதை நோக்கி வையுங்கள். அது பார்வையை விலக்கித் தரையைக் கொத்தவோ நடந்து போகவோ தொடங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். விலகியதும் நீங்களும் உங்கள் வேலையைப் பாருங்கள், விரட்டிக்கொண்டு போக வேண்டாம். பாய்ந்தே விட்டால் வாளியையோ ஒரு பலகையையோ இருவருக்கும் நடுவில் பிடியுங்கள், அது பலகையில் மோதி அலுக்கட்டும். அலுத்ததும் மேலிருந்து இரண்டு சிறகையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, கால் இரண்டையும் விரலிடுக்கில் வைத்து, அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் அப்படியே நடந்து வேலையைப் பாருங்கள். உடம்பு தளர்ந்து அமைதியான பிறகே கீழே விட வேண்டும். துள்ளும்போது விட்டால் துள்ளினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். வீட்டில் கோழிகளிடம் போகிற எல்லோரும் இதே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் நின்று இன்னொருவர் ஓடினால், ஓடுகிறவரைத் தேர்ந்தெடுத்துத் தாக்கும்.

நான்கைந்து வாரம் விடாமல் செய்தும் மாற்றம் இல்லையென்றால் அந்தச் சேவலைக் கூட்டத்தில் வைத்திருக்க வேண்டாம். சிறு குழந்தைகள் புழங்கும் இடமென்றால் அந்த நான்கு வாரமும் காத்திருக்க மாட்டேன், உடனே தனியாக அடைத்துவிடுவேன். சேவல் பாய்கிற உயரத்தில்தான் குழந்தையின் கண் இருக்கிறது. சேவலின் காலில் பின்பக்கமாக நீண்டிருக்கும் கூர்முனையான கால்முள் குத்திய காயம் மேலே சின்னதாக இருக்கும், உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், அதனால் சீழ் பிடிக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். மூட்டிலோ கண்ணருகிலோ பட்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

முரட்டுக் குணம் ஓரளவு வாரிசாகவும் இறங்கும். ஆகவே இந்தச் சேவலுக்குப் பிறந்த முட்டைகளை அடை வைக்காதீர்கள். பெட்டை தன் உடம்பில் விந்தை இரண்டு மூன்று வாரம் வரை சேமித்து வைத்திருக்கும். சேவலைப் பிரித்து நான்கு வாரம் கழித்து வருகிற முட்டைகள்தான் மற்ற சேவலுடையவை என்று நம்பி அடை வைக்கலாம்.

இரண்டு சேவல் கேள்விக்கு வருகிறேன். எடை குறைந்த இனங்களில் ஒரு சேவலுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பெட்டைகள், கனத்த இனங்களில் ஆறு முதல் எட்டு என்பது பழகிய அளவு. எட்டுப் பெட்டைக்கு இரண்டு சேவல் அதிகம். அதன் விலையைப் பெட்டைகள்தான் கொடுக்கின்றன. சேவல் எல்லாப் பெட்டையையும் சமமாக மிதிப்பதில்லை (இணைசேர முதுகில் ஏறுவதைத்தான் மிதிப்பது என்கிறோம்), பிடித்த இரண்டு மூன்றையே திரும்பத் திரும்ப மிதிக்கும். அவற்றின் முதுகிலும் பின்தலையிலும் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா என்று பாருங்கள். சிறகைத் தூக்கி விலாப்பக்கமும் பாருங்கள், நகம் கிழித்த காயம் இறகுக்குள் மறைந்திருக்கும். மொட்டை முதுகுக்குத் தடித்த துணியில் தைத்த முதுகுக்கவசம் போடலாம். அதற்குள் பேன் சேரும் என்பதால் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். தோல் கிழிந்திருந்தால் ஆறும் வரை பெட்டையைத் தனியே வைப்பதுதான் சரி.

இரண்டு சேவல்களையும் விட மனமில்லை என்றால் ஒன்றைப் பெட்டைகள் கண்ணில் படாத வேறு அடைப்பில் வையுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் பல சேர்ந்துகூட அமைதியாக வாழும். ஒரே அடைப்பில்தான் இருவரும் என்றால் தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்க வேண்டும், நடுவில் மறைப்பாக ஒரு தட்டியோ புதரோ வேண்டும். தோற்றது தலை குனிந்து ஓடிவிட்டால் சண்டை முடிந்தது. ஓடி ஒளிய இடமில்லாத சின்ன அடைப்பில்தான் சேவல் சேவலைக் கொல்கிறது. ரத்தம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

கால்முள்ளை மழுக்கி வைத்தால் ஆளுக்கும் பெட்டைக்கும் காயம் குறையும். முள்ளின் உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு, வெளியே நகம் போன்ற உறை. இரவில் கூண்டில் அடைந்த பிறகு தூக்கி, கண் மறையத் துணி போர்த்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அரத்தால் நுனியை மட்டும் தேய்த்து உருட்டையாக்க வேண்டும். அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் கை வைக்காதீர்கள். சூடாகிறதா என்று இடையிடையே தொட்டுப் பாருங்கள். ரத்தம் கசிந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். சூடான உருளைக்கிழங்கில் முள்ளைச் செருகி உறையை முறுக்கிக் கழற்றும் முறையைப் பலர் சொல்வார்கள். வலிக்கும், தோல் வெந்தும் போகலாம், பச்சை எலும்பு வெளியே தெரியும். வேண்டாம்.

உங்கள் இரண்டாவது சேவலைக் கவனியுங்கள், நல்ல சேவலின் அடையாளங்கள் அதனிடம் இருக்கலாம். தீனி கிடைத்தால் எடுத்துக் கீழே போட்டு, கொக்கொக் என்று மெதுவாகப் பெட்டைகளைக் கூப்பிடுகிறதா? வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறொரு குரல் கொடுக்கிறதா? மிதிக்கும் முன் ஆடிக் காட்டி, பெட்டை ஓடினால் விட்டுவிடுகிறதா? இப்படிப்பட்ட சேவல் பெட்டைகளைத் தின்னவிட்டுத் தான் காவல் நிற்பதால் இளைத்துப் போகும். மாதம் ஒருமுறை நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோலத் துருத்தினால் தனியாக நிறுத்திக் கூடுதல் தீனி வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் மூன்றரை, நான்கு சதவீதம் கால்சியம் இருக்கும், சேவலுக்கு ஒரு சதவீதமே போதும். மிகுதி நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லோருக்கும் வளர்பருவத் தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டைகள் தேவையானதைத் தாங்களே கொத்திக்கொள்ளும், சேவல் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகாது.