ரப்பர் மர மேஜையில் டை (மரத்துக்கு நிறம் தரும் சாயம்) திட்டுத்திட்டாகப் பிடித்து, மேலே அடித்த பி.யூ. (பாலியூரிதேன் மேற்பூச்சு) சுருங்கிவிட்டது. தவறு யாருடையது?

பாலிஷ்காரர் மேல் பழி போடத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அதே வேலைதான், நாகர்கோவில் பக்கம். அதனால் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

கடையில் ரப்பர் மரப் பலகை என்று வருவது பெரும்பாலும் சின்னத் துண்டுகளைப் பல் வெட்டிக் கோத்து ஒட்டியது. துண்டுக்குத் துண்டு சாயம் குடிக்கிற அளவு மாறும். பசை பிதுங்கிக் காய்ந்த இடம் குடிக்கவே குடிக்காது, குறுக்கே அறுத்த முனை குடித்துக் கறுத்துவிடும். அதற்காகத்தான் 120, 180 என்று நம்பர் ஏற்றி (நம்பர் கூடினால் தாள் நைசு) உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைக் காயவிட்டு 220 தாளில் லேசாகத் தேய்ப்பது. முனைகளுக்கு 320. டையை நீர்க்கக் கலந்து, தாராளமாகப் பூசி உடனே துடைத்து, காய்ந்தபின் இன்னொரு கை. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் திட்டு நிச்சயம்.

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் வால்நட் நிறம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு திட்டு இல்லை. வீட்டுக்காரர் விலை குறைவு என்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர், அதாவது மேற்பூச்சுக்கு முன்னால் போடுகிற அடிப்பூச்சு, வாங்கி வந்து, மேலே பி.யூ. அடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். வேறு ஆளை வைத்து அடித்தார், மேற்பரப்பு முழுக்கச் சுருங்கிப் போனது. அப்புறம் எனக்கே போன் செய்து, 'உன் டைதான் மட்டம்' என்றார். இன்றைக்கும் அது வலிக்கிறது.

என்.சி. காய்வது தின்னர் ஆவியாவதால் மட்டும்தான். பி.யூ. தின்னர் பட்டால் திரும்ப இளகும், மேலே இருப்பது இறுகும்போது அடியில் இருப்பது நெளியும். பி.யூ.வுக்கு பி.யூ. சீலர், மெலமைன் (இன்னொரு வகை மேற்பூச்சு) அடித்தால் மெலமைன் சீலர், முடிந்தால் ஒரே கம்பெனி. டைக்கும் பி.யூ.வுக்கும் இடையில் அரக்கு (ஷெல்லாக்) பூசலாம், ஆனால் சாதாரண அரக்கில் மெழுகு இருக்கிறது, அதன்மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளியவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். ஸ்பிரிட்டில் கரைகிற டை போட்டிருந்தால் அரக்கைப் பிரஷ்ஷால் இழுக்கக் கூடாது, நிறம் கூடவே வந்துவிடும், ஸ்பிரே மட்டும்தான்.

'என்.சி. மேல் பி.யூ. அடித்தேன், நன்றாகத்தான் நிற்கிறது' என்று யாராவது கீழே எழுதுவீர்கள். மெல்லிசாக அடித்து நன்றாகக் காயவிட்டால் தப்பலாம், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்தவர் மேஜையில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆசாரிக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுப்பார்கள், எங்களைக் கூப்பிடுவது பால்காய்ப்புக்கு முந்தின வாரம், அதுவும் கொட்டுகிற மழையில். ஈரக்காற்றில் என்.சி. அடித்தால் வெள்ளையாகப் பூக்கும். அதற்கும் கூலியில் பிடிக்கிறார்கள்.