சந்தை கூட வேண்டுமென்றால்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு சிற்றூர். காய்கறி வாங்கக்கூடக் காரைக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. மகளிர் குழுக்கள் சேர்ந்து வாரச்சந்தை தொடங்கலாம் என்று பேசியிருக்கிறோம். வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொட்டகை கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, சாக்கோட்டை ஒன்றியம்

பதில்: கொட்டகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கடை நிற்கும், கூட்டம் எந்தப் பக்கமிருந்து வரும், மீன்கடை எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் ஓராண்டு சந்தை நடந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே மேடை கட்டினால், உயரம் கூடிப்போய் வாங்குபவர்கள் ஏறமாட்டார்கள். வியாபாரிகளும் மேடையை விட்டுக் கீழே இறங்கிச் சாக்கு விரிப்பார்கள். நன்கொடை தருகிறவர்களிடம் முதலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், நான்கு விளக்குக் கம்பம் கேளுங்கள். தரைக்கடை போடுகிறவர்களில் பலர் பெண்கள். ஐந்து, ஆறு மணி நேரம் கடையை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழிப்பறை இல்லாத இடம் சந்தைக்கு ஆகாது.

அடுத்தது நாள். சுற்றி 15 கிலோமீட்டருக்குள் எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெங்காயம், தக்காளி, கருவாடு, பாத்திரம் விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்தில் சந்தைக்குச் சந்தை போகிறவர்கள். அவர்களுடைய வாரத்தில் எந்த நாள் காலியாக இருக்கிறதோ அதுவே உங்கள் நாள். அவர்களை நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். நோட்டீஸ் அடித்து ஒட்டினால் வரமாட்டார்கள். இரண்டு நாள் காலியாக இருந்தால், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வாரக்கூலி வாங்கும் சனிக்கிழமையை விடாதீர்கள். நேரம் மாலை 3 முதல் 7.30 வரை போதும்.

முதல் நாள் 12 கடை வந்தால் நல்ல தொடக்கம். நான்கு காய்கறி, இரண்டு வெங்காயம்–உருளை–தக்காளி, இரண்டு கீரை, மீனோ கருவாடோ ஒன்று, வத்தல்–மளிகை ஒன்று, பூ ஒன்று, பலகாரம் ஒன்று. அன்றாடத் தேவைக்கு இரண்டு கடையாவது இருக்கட்டும். ஒரே கடை என்றால் விலை ஏறும், மக்கள் மறுபடியும் காரைக்குடி பஸ்ஸையே பிடிப்பார்கள். முதல் நான்கு வாரம் தரைவாடகை வாங்காதீர்கள்.

பொங்கல் கழிந்து தொடங்குவது நல்லது. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும், மழையும் விட்டிருக்கும். சித்திரையில் தொடங்கினால் கீரை ஒரு மணி நேரத்தில் வாடிவிடும்.

உங்களுடையது ஊராட்சி என்பதால் கிராமசபையில் தீர்மானம் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது முன்னால் வருகிறதோ அதற்குத் தயாராகுங்கள். இடம், கிழமை, நேரம், பொறுப்பாளர், கட்டணம் ஐந்தும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். தனியார் இடத்தில் நடத்தினால் ஊராட்சியின் உரிமம் தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: கிழக்கு மேற்காக 100 அடி, வடக்கு தெற்காக 60 அடி உள்ள பொட்டல் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஊருணி. எத்தனை கடை போடலாம்?
– ஒரு வாசகர், திருமயம் பக்கம்

பதில்: 22 கடை. இரண்டு வரிசையை எதிரெதிராக வைத்து, நடுவில் கிழக்கு மேற்காக 14 அடி நடைபாதை விடுங்கள். இருபக்கமும் குனிந்து காய் பொறுக்குகிறவர்களுக்கு மூன்று மூன்று அடி போனால், நடக்கிறவர்களுக்கு எட்டு அடி மிஞ்சும். அதைவிடக் குறைந்தால் பை இடிக்கும், ஜனம் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். 20 அடிக்கு மேல் விட்டால் எதிர்வரிசைக் கடை கண்ணில் படாது, பாதிக் கூட்டத்திலும் சந்தை வெறிச்சோடித் தெரியும்.

ஒரு கடைக்கு 8 அடிக்கு 8 அடி. நான்கு கடைக்கு ஒருமுறை 6 அடி இடைவெளி விட்டால், ஒரு வரிசையில் 4, 4, 3 என்று 11 கடை வரும். கடைக்குப் பின்னால் 4 அடி கட்டாயம் வேண்டும். மூட்டையும் காலிக் கூடையும் அங்கேதான் போகும். அந்த இடம் இல்லாவிட்டால் எல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். நடைபாதை 14, இரு வரிசைக் கடை 16, பின்புறம் 8 என்று வடக்கு தெற்காக இதுவரை 38 அடி ஆயிற்று. மீதி 22 அடியில் இருசக்கர வாகனமும் சுமை ஆட்டோவும் நிற்கட்டும். நடைபாதையின் இரு முனையிலும் கல் நட்டுவிடுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே விலை கேட்கிற ஒருவரை உள்ளே விட்டால் அடுத்த வாரம் பத்து வண்டி வரும், குழந்தையைக் கூட்டிவருகிறவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

மேற்கு முனையில் ஒரு படுதா கட்டுங்கள், மாலை வெயில் நேராக உள்ளே வரும். கீரையும் பூவும் அந்தப் படுதா நிழலில் இருக்கட்டும். வெங்காயம், உருளை வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அதனால் அவற்றை வாசலில் வைக்காமல் உள்கோடியில் வையுங்கள், மற்றக் கடைகளையும் ஜனம் கடந்து போகும்.

மீன்கடையை ஊருணிக்கு எதிர்ப்பக்கம், தரை தாழ்ந்த மூலையில் வைத்துத் தனிக் குழி வெட்டுங்கள். மீன் கழுவிய தண்ணீர் ஒரு வாரம்கூட ஊருணிப் பக்கம் போகக்கூடாது. தொண்டிப் பக்கமிருந்து மீன் வருகிறதென்றால், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கை வியாபாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: தரைவாடகை எவ்வளவு வாங்கலாம்? ஏலத்துக்கு விட்டால் நிம்மதி என்கிறார்கள் சிலர்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: செலவிலிருந்து கணக்குப் போடுங்கள். உதாரணமாக ஒரு வாரத்துக்குத் துப்புரவுக்கு இரண்டு ஆள் 800 ரூபாய், பொறுப்பாளர் 600, விளக்கு 300, ரசீது–கோலப்பொடி 100, சேமிப்பு 200 என்றால் மொத்தம் 2,000. (கோலப்பொடி கடை எல்லைக் கோடு போட.) 25 கடைக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 80. அங்கேதான் தவறு நடக்கிறது. 500 ரூபாய்க்குக் கீரை விற்கிற பாட்டி 80 ரூபாய் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வரமாட்டார். கீரைக்கடை 8 என்றால் தலைக்கு 30, காய்கறி 12 கடைக்கு 80, பலகாரம், துணி, பாத்திரம் 5 கடைக்கு 160. அதே 2,000 வந்துவிடும்.

ஏலம் ஊராட்சிக்கு ஒரே தவணையில் பணம் தரும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குத்தகை எடுத்தவர் போட்ட முதலை எடுக்கப் பார்ப்பார். மூட்டைக்கு ஒரு காசு, கூடைக்கு ஒரு காசு என்று வசூல் கூடும், துப்புரவு குறையும். புதிய சந்தை அதைத் தாங்காது. முதல் இரண்டு ஆண்டாவது குழுவே ரசீது போட்டு வசூலிக்கட்டும். கட்டணப் பலகையைக் கடைக்காரர் கண்ணில் படும்படி வாசலில் வையுங்கள். அதன்பிறகும் ஏலம்தான் என்றால், பலகையில் உள்ளதற்கு மேல் வாங்கினால் குத்தகை ரத்து என்பதை நிபந்தனையில் சேருங்கள்.

உழவர் சந்தையை நினைத்துப் பாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை திறந்தபோது விவசாயிக்குப் புகைப்பட அடையாள அட்டை கொடுத்தார்கள், கடைக்கு வாடகை வாங்கவில்லை, தராசும் கொடுத்தார்கள், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதினார்கள். விளைவித்தவர் இன்னார், விலை இது என்ற இரண்டும் வாங்குபவருக்குத் தெரிந்தது. உங்கள் சந்தையிலும் சொந்தத் தோட்டத்துக் கத்தரி, கொத்தவரை, முருங்கை கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள். கமிஷன் மண்டியில் வாங்கி விற்பதும் நேர்மையான தொழில்தான், அது அடுத்த வரிசையில் இருக்கட்டும். இரண்டும் கலந்தால் மண்டிச் சரக்கு ‘உள்ளூர்’ என்று விலைபோகும், உண்மையான விவசாயி போட்டி போட முடியாமல் ஒதுங்குவார்.

கேள்வி: வீட்டில் சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் செய்து சந்தையில் விற்க ஆசை. என்னென்ன வேண்டும்?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்குங்கள் ஆச்சி. சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பொட்டலம் போட்டால் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, விலை, தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் முகவரி, பதிவு எண், சைவத்துக்குரிய பச்சைக் குறி எல்லாம் இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஓலைக் கொட்டானில் (பனையோலைக் கூடையில்) கொடுப்பதானால் கொட்டான் எடையைக் கழித்து நிறுங்கள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளதால் கொட்டானுக்கும் மஞ்சப்பைக்கும் நல்ல கிராக்கி.

சீடை, மனகோலம் காறல் வாடை அடிப்பது பழைய எண்ணெயால், நமத்துப்போவது சூடு ஆறுமுன் மூடுவதால். முழுக்க ஆறவிட்டு அடைத்து, வெயில் படாமல் வையுங்கள். சந்தை நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல்: செட்டிநாடு என்றாலே பலகாரம் என்று பத்துக் கடைக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். இருபது கடைக்கு இரண்டு போதும். பலகாரத்தை மாதம் ஒருமுறை வாங்குவார்கள், தக்காளியை வாராவாரம் வாங்குவார்கள்.

கேள்வி: ஆறு மாதமாகச் சந்தை நடக்கிறது. கூட்டம் குறைகிறது என்று வியாபாரிகள் சொல்கிறார்கள், குழுவினர் இல்லை என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், பொன்னமராவதி

பதில்: எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் நடுவில் 10 நிமிடம், அதாவது 3.25 முதல் 3.35 வரை, வாசலில் நின்று உள்ளே வரும் பெரியவர்களை மட்டும் எண்ணி 6ஆல் பெருக்குங்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் உழவர் சந்தைகளுக்காக வகுத்த முறை இது. கூடவே அவர்கள் ஒட்டுப்பொட்டு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். அட்டையில் ஒரு கேள்வியும் சில பதில் கட்டங்களும் இருக்கும், வருகிறவர்கள் ஒரு பொட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். நமக்கு ஸ்டிக்கர் பொட்டே போதும். எந்த ஊர், எவ்வளவு செலவழித்தீர்கள், எது கிடைக்கவில்லை என்று மூன்று அட்டை வையுங்கள்.

5.30க்கு மேல் ஆள் குறைந்தால் காய் தீர்ந்துபோகிறது, அல்லது வெளிச்சம் போதவில்லை. ஆள் குறையாமல் விற்பனை மட்டும் குறைந்தால் விலையைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் வராத கடைகளை எண்ணுங்கள். 4 மணி வரை வராதவர் இடத்துக்குப் பக்கத்துக் கடைகளை நெருக்கி அமர்த்துங்கள், நடுவில் ஓட்டை விழக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காக ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் ஏமாந்து திரும்பியவர்கள் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். மண்டபத் தாழ்வாரம் ஒன்றை முன்பே பேசி வைத்து, மழை பெய்தால் அங்கே என்று புரட்டாசியிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். ஐந்து கடை வந்தாலும் கூட்டுங்கள், வந்த ஐந்து பேருக்கும் அன்றைக்குத் தரைவாடகை வேண்டாம்.