மூளை எப்படி வளரும் என்பதை முடிவு செய்வது மரபணு மட்டும்தானா? அழுத்தம், விசைக்கெல்லாம் பங்கு உண்டா?

இதைக் கேட்டவர் நீட் தேர்வுக்குப் படிக்கிறவர் போலத் தெரிகிறது. ஆனாலும் "மரபணு மட்டும்தானா" என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகன் விஷயத்தில் சொந்தக்காரர்கள் கேட்டது அதுதான்: "உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருக்கா?" எப்போதும் என் மனைவியிடம்தான் கேட்பார்கள்.

அவனுக்கு ஹைட்ரோகெஃபலஸ். மூளைக்குள் உள்ள அறைகளில் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். ஊறியது வடிந்து ரத்தத்தில் சேர வேண்டும். அவனுக்கு மூன்றாவது, நான்காவது அறைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய வழி அடைத்திருந்தது. தேங்கிய நீர் அறைகளை உப்ப வைத்து, சுற்றியுள்ள நரம்பிழைகளை இழுத்து நசுக்கும். கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் ஒட்டியிருக்காது, அதனால் தலையும் பெரிதாகும். திருவொற்றியூரில் நாங்கள் காட்டிய கிளினிக்கில், "பெரிய தலை, புத்திசாலியா வருவான்" என்று அனுப்பிவிட்டார்கள். தடுப்பூசி போட்ட நர்ஸம்மாதான் டேப் வைத்துத் தலையை அளந்தார். உச்சிக்குழி புடைத்திருந்தது, கருவிழி கீழே இறங்கியே நின்றது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். ஷன்ட் வைத்தார்கள், மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் வயிறு வரை போகும் மெல்லிய குழாய்.

ஆனால் அதே நீரின் அழுத்தம் கருவில் அளவோடு இல்லாவிட்டால் மூளையே சரியாக உருவாகாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1977-ல் டெஸ்மண்ட், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோழிக்கருவின் மூளைக்குள்ளிருந்த நீரை வடியவிட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியதும் மூளை வளர்ச்சி குன்றியது, செல்களும் குறைந்தன. மூளையின் மடிப்புகளிலும் விசைக்குப் பங்கு உண்டு. நம்ம சென்னை ஐஐடியில் படித்த எல். மகாதேவன், ஹார்வர்டில் தன் குழுவோடு, மடிப்பு விழாத கருமூளை வடிவத்தை ஜெல்லில் செய்தார். 2016-ல் வெளிவந்த ஆய்வு. வெளி அடுக்கு மட்டும் உப்பியபோது நிஜ மூளை போலவே மடிப்பு விழுந்தது. ஜெல்லுக்கு ஏது மரபணு?

உடனே "நீ டாக்டரா?" என்று வராதீர்கள். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்1கேம் என்ற மரபணுக் கோளாறு தாய்வழியாக வந்து ஆண் பிள்ளைகளுக்கு இதே அடைப்பை உண்டாக்கும். என் மகனுக்கு அது இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. இருந்திருந்தாலும் அது என் மனைவி செய்த குற்றமா? காரணம் எதுவானாலும் கடைசியில் மூளையை நசுக்குவது தேங்கிய நீர்தான், அதை வடித்தால்தான் பிள்ளை பிழைக்கும்.

ஷன்ட் அடைத்துக்கொண்டால் வாந்தி, தலைவலி, அசதித் தூக்கம் வரும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரி போக வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் எப்படிப் போவது? துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் நகரவே இல்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நடந்தேன். ஆம்புலன்ஸுக்காவது ஒரு தடம் ஒதுக்குங்கள் என்று தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை.