ஒரே ஓவனில் தேங்க்ஸ்கிவிங் விருந்து

இந்த ஆண்டுதான் நியூ ஜெர்சிக்குக் குடிவந்திருக்கும் நீங்கள், உங்களையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு, நவம்பர் நான்காம் வியாழனன்று அமெரிக்காவில் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு விருந்து வைக்கப்போவதாகவும், அவர்களில் இருவர் சைவம் என்றும் எழுதி, எவ்வளவு பெரிய வான்கோழி வாங்குவது, உடன் எத்தனை பதார்த்தங்கள் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதார்த்தங்களின் எண்ணிக்கை இருக்கட்டும்; வீட்டில் இருப்பது ஒரே ஓவன் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அசைவம் உண்ணும் எட்டுப் பேருக்குத் தலைக்கு ஒன்றரை பவுண்டு வீதம் 12 பவுண்டு வான்கோழி தாராளம். உறைந்ததை வாங்கினால், ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட நான்கைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து இறக்கிவிடுங்கள். நான் வந்த முதல் ஆண்டில் புதன் இரவுதான் இறக்கினேன். வியாழன் காலையில் உள்ளே கைவிட்டால் விரல் மரத்துப்போகும் அளவுக்குப் பனிக்கட்டி. பாத்டப்பில் குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றி மாற்றி, மதிய விருந்தை இரவு எட்டரைக்குப் பரிமாறினோம். அந்த அவசரத்தில், வான்கோழியின் வயிற்றுக்குள் கழுத்தையும் ஈரலையும் ஒரு சிறு பையில் போட்டு வைத்திருப்பார்கள் என்பது தெரியாமல், பையோடு சேர்த்தே வேகவைத்துவிட்டேன்.

325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 பவுண்டு வேக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். நிறத்தை நம்பாதீர்கள், எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானியைக் குத்தி, 165 டிகிரி காட்டிய பிறகே வெளியே எடுங்கள். எடுத்தவுடன் வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும் என்பதால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், ஓவன் உங்கள் கைக்குத் திரும்புவதும் அந்த அரை மணியில்தான்: முந்தைய நாளே செய்து வைத்த பீன்ஸ் கேசரோலையும் (பீன்ஸை சாஸில் கலந்து ஓவனில் சுடுவது) ஸ்டஃபிங்கையும் (மசாலா சேர்த்த ரொட்டித் துண்டுக் கலவை) அப்போது உள்ளே தள்ளிவிடலாம். மசித்த உருளைக்கிழங்குக்கு நம் குக்கரே போதும். கிரான்பெர்ரி சாஸ் இரண்டு நாள் முன்பே அடுப்பில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 12 அவுன்ஸ் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். எங்கள் வீட்டில் அதில் பாதிப் பழத்தை எடுத்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துத் தொக்காகக் கிளறிவிடுவோம், முதலில் காலியாவதும் அதுவே. ஆக, நான்கு பதார்த்தங்கள் போதும். ஐந்தாவதுக்கு ஓவனில் இடமில்லை.

சைவ நண்பர்கள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டஃபிங்கிலும் கிரேவியிலும் கோழிச் சாறு சேர்ப்பது இங்கே வழக்கம். ஸ்டஃபிங்கைக் காய்கறிச் சாற்றில் செய்து தனித் தட்டில் வேகவையுங்கள், கிரேவியைக் காளானில் ஒரு கிண்ணம் தனியாக வையுங்கள். யாராவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொண்டு வந்தால், அதன் மேல் பரப்பும் மார்ஷ்மெலோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயில் பொதுவாக விலங்கின் ஜெலட்டின் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அழைத்தவர்கள் "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பார்கள். நம் பழக்கத்தில் "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள். ஒருவரிடம் பம்ப்கின் பை (பூசணி வைத்துச் சுடும் இனிப்பு), இன்னொருவரிடம் ரொட்டி என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வியாழனன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் அல்லது சீக்கிரம் மூடிவிடும். ஆகையால் வெண்ணெய் முதல் அலுமினியத் தட்டு வரை எல்லாவற்றையும் செவ்வாய்க்குள் வாங்கிவிடுங்கள்.