கம்யூனிட்டி காலேஜிலிருந்து கணக்கு டீச்சர்: சில கேள்விகள், பதில்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (பல்கலைக்கழகம் போகுமுன் இரண்டு வருடம் படிக்கும் கல்லூரி) கணக்கு நடத்துகிறேன். டீச்சராக விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் என் வேலைதான். வந்த கேள்விகளில் சில:

மகளுக்கு ஹைஸ்கூல் கணக்கு டீச்சராக ஆசை. கம்யூனிட்டி காலேஜில் போகும் இரண்டு வருடம் வீண்தானே, சார்?

இல்லவே இல்லை அம்மா. கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா எல்லாம் குறைந்த கட்டணத்தில் இங்கேயே முடித்துவிடலாம். எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று முதல் செமஸ்டரிலேயே அசிஸ்ட் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

டீச்சராகப் போகிறவர்களுக்குத் தொடக்கப்பள்ளிக் கணக்கில் தனிப் பாடம் வைக்கிறீர்களே, கால்குலஸ் முடித்தவருக்கு அது எதற்கு?

ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொன்னால் உடனே மூன்றரை என்பார்கள். சரி, அதற்கு ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள் என்பேன். "ஒன்றே முக்கால் பீட்சாவை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால்..." என்று பலர் ஆரம்பிப்பார்கள். அது இரண்டால் வகுப்பது. ஒன்றே முக்கால் கப் மாவை அரை கப்பால் எத்தனை தடவை அளக்கலாம் என்பதுதான் கேள்வி. மூன்று தடவை அளந்தபின் கால் கப் மிஞ்சும். உடனே ஒரு பிள்ளை "மூன்றேகால்" என்னும். மிஞ்சிய கால் கப், அரை கப்பில் பாதி என்று அந்தப் பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்க மட்டுமே தெரிந்தவர் "தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதற்குப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவே கூடாது. காலேஜ் டியூட்டரிங் சென்டரில் இப்போதே வேலைக்குச் சேருங்கள். பிள்ளைகள் எங்கே, ஏன் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பண உதவி உண்டா?

உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நாய்ஸ் உதவித்தொகையை ஒரு வருடம் வாங்கினால், ஆசிரியர் தேவை அதிகமுள்ள பள்ளி மாவட்டத்தில் இரண்டு வருடம் பணியாற்ற வேண்டும். கூட்டரசின் டீச் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கு, படிப்பு முடிந்து 8 வருடத்துக்குள் 4 வருடப் பணி. தவறினால் அது வட்டியோடு கடனாகிவிடும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

எனக்கு மிடில் ஸ்கூல் போதும் சார். மேல்நிலைக் கணக்கு பயமாக இருக்கிறது.

அதற்கு ஃபவுண்டேஷனல் லெவல் உரிமம் இருக்கிறது. தேர்வு வழியில் போனால் சீசெட்டின் (டீச்சராகப் போகிறவர்களுக்கான கலிஃபோர்னியா பாடத் தேர்வு) மூன்று கணக்குத் தாள்களில் முதல் இரண்டு போதும், மூன்றாவதுதான் கால்குலஸ். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, புள்ளியியல் நடத்தலாம். ஆனாலும் கால்குலஸ் வகுப்பு ஒன்றிலாவது உட்கார்ந்துவிட்டு முடிவெடுங்கள் தம்பி.